தேர் வராத தெரு

'ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்' என்பது நம் முன்னோர் மொழி. கேட்பதற்கு இனிய மொழிதான். ஆனால், தேர் வராத தெரு ஒன்று நம் ஊர்களில் உண்டு. வடம் பிடிக்க அழைக்கப்படாத கைகள் அந்தத் தெருவில் உண்டு. இந்த உண்மையை மட்டும் அந்த மொழி சொல்லாமல் விட்டுவிட்டது. ஊர் என்று ஒன்று, சேரி என்று ஒன்று. நடுவே ஒரு வாய்க்காலோ, ஒரு வண்டிப் பாதையோ, ஒரு புளியமரமோ நிற்கும். அளந்து பார்த்தால் இருநூறு அடி தூரம். நடந்து கடக்க நூறாண்டும் போதவில்லை.

அந்தத் தெரு வளர வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. மேடை ஏறுவோர் அனைவரும் அதைச் சொல்கின்றனர். வேற்றுமை எழுவது அடுத்த கேள்வியில்தான். அதை வளர்க்க வேண்டியவர் யார்? அரசா? தொழிற்சாலையா? தொண்டு நிறுவனமா? அல்லது எங்கிருந்தோ வரப்போகும் ஒரு தனிப்பெருந் தலைவரா?

இவர்கள் எல்லாரும் துணை நிற்கலாம்; நிற்கவும் வேண்டும். ஆயினும், அத்தெருவில் வாழ்பவர்கள் தாமே கூடி அமைத்து, தாமே கண்விழித்துக் காக்கும் ஓர் அவை இல்லாவிட்டால், மேலிருந்து கொடுக்கப்படும் நிலமும் வீடும் பணமும் விரலிடுக்கில் நீர்போல ஒழுகிப் போய்விடும். இதுவே என் கருத்து. இதற்கு மூன்று சான்றுகளை அன்பு நண்பர்கள் முன்னும், மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன். ஒன்று நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் நடந்தது. மற்றொன்று கடல் கடந்து அமெரிக்காவில் நடந்தது. மூன்றாவது, நம் கல்லூரிப் பேருந்தில் ஏறினால் போய்வரக்கூடிய தூரத்தில் நடந்தது.

எங்கள் வட்டாரம்

முதலில், நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைப்பாக்கம் என் ஊர். ஊர் என்று பழக்கத்தில் சொல்கிறேன். நான் பிறந்தது தேர் வராத தெருவில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

ஸ்ரீபெரும்புதூர், 1017-இல் இராமானுசர் அவதரித்த தலம் என்று போற்றப்படுவது. ஒதுக்கப்பட்ட மக்களை அவர் 'திருக்குலத்தார்' என்று அழைத்தார் என்பது மரபு வழியாக வரும் செய்தி. இன்று அதே ஸ்ரீபெரும்புதூரை உலகம் வேறு காரணத்துக்காக அறிகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் நோக்கியா வந்தது. 2014-இல் மூடிக்கொண்டும் போனது. ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் பூங்காக்கள் அடுத்தடுத்து விரிந்தன. ஷிப்ட் மாறும் நேரத்தில் எங்கள் சாலையில் நின்று பாருங்கள். வரிசை வரிசையாகக் கம்பெனிப் பேருந்துகள். சன்னல் ஓரங்களில் தூக்கம் கலையாத முகங்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரமே எழுந்து நிற்கிறது!

வளர்ச்சி வந்திருக்கிறது, அதை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும். ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளை சீருடை அணிகிறான். பண்ணையாரின் களத்து மேட்டில் காத்து நின்ற காலம் போய், மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. காவல் வேலை, துப்புரவு வேலை, சரக்கு ஏற்றும் வேலை. நிலத்தின் விலையோ வானத்தைத் தொடுகிறது. நிலம் வைத்திருந்தவர் விற்றுச் செழித்தார். நிலமே இல்லாதவர் எதை விற்பார்? குடிசை இருக்கும் மனைக்குப் பட்டா இருக்கிறதா என்ற ஐயத்தோடு உறங்குபவர்களுக்கு, பக்கத்து நிலம் கோடிக்கு விலை போவது மகிழ்ச்சிச் செய்தியன்று, அச்சுறுத்தும் செய்தி.

1892-ஆம் ஆண்டின் பாடம்

எங்கள் தெருவுக்கு நிலமே கொடுக்கப்படவில்லையா? கொடுக்கப்பட்டது. அந்த வரலாறு நம் மண்ணிலேயே தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியும் அடங்கியிருந்தது. அந்த மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் என்ற ஆங்கிலேயர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். நிலமும் இல்லை, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டே விரட்டிவிடுவார்கள் என்ற நிலையை அவர் விவரித்தார். குடியிருக்கும் மனை மற்றவன் கையில் இருக்கும்வரை கூலி உயராது, கல்வி வராது, தலை நிமிராது என்பதை அவர் கண்டுகொண்டார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் சென்னை அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. இவையே பஞ்சமி நிலங்கள்.

அந்த நிலத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. பத்தாண்டுகள் வரை யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு அல்லாமல் வேறு எவருக்கும் மாற்றக் கூடாது. மீறினால் அந்த விற்பனை செல்லாது. என்ன அருமையான நிபந்தனை! தனி மனிதனின் வறுமை நாளில் அவன் கையெழுத்தை வாங்கிவிடலாம். ஒரு சமுதாயம் முழுவதற்கும் உரிய நிலத்தை அப்படி வாங்க முடியாது என்பதே அதன் உட்கருத்து.

பிறகு நடந்தது என்ன? நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கைமாறியது. கலியாணக் கடனுக்கும், மருத்துவச் செலவுக்கும், சில வேளை மிரட்டலுக்கும் நிலம் போயிற்று. யார் யாருக்கு எங்கே நிலம் ஒதுக்கப்பட்டது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிற்று. நூறாண்டு கழித்து விழித்துக் கேட்டபோது அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரண்டு இளைஞர்கள் உயிர் நீத்தனர்.

நல்லெண்ணம் கொண்ட ஓர் அதிகாரி இருந்தார். நல்ல ஆணை இருந்தது. நல்ல நிபந்தனையும் இருந்தது. பின் எது இல்லை? ஒவ்வோர் ஊரிலும் அந்த நிலத்தைக் கண்காணிக்க அந்த மக்களுக்கென்று ஓர் அவை இல்லை. பதிவேட்டைப் படிக்க எழுத்தறிந்த பிள்ளை இல்லை. காவலாளி இல்லாத வயலில் வேலி எத்தனை நாளைக்கு நிற்கும்?

கடல் கடந்த ஒரு தெரு

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். எங்கே செங்கற்பட்டு, எங்கே அமெரிக்கா என்று நினைக்க வேண்டாம். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அதன் அருகிலேதான் கறுப்பின மக்களின் ஹார்லெம் பகுதி. 1946-இல் அவர் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டார். டு போய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் எழுந்தபோது, அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரையே முன்மாதிரியாகக் கொண்டது. ஒருவர் துயரை மற்றவர் அறிந்தே இருந்தனர்.

நம்மூரில் சேரியைப் பிரிப்பது வாய்க்கால் என்றால், அங்கே பிரித்தது ஒரு வண்ணப் பென்சில். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களுக்கு வரைபடங்கள் தயாரித்தது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியது. 'கடன் கொடுக்க ஆபத்தான இடம்' என்பது அதன் பொருள். கடன் இல்லாததால் வீடுகள் பழுதடைந்தன. வீடுகள் பழுதடைந்ததால், 'இது பாழடைந்த பகுதி' என்று முத்திரை குத்தினார்கள். முத்திரை குத்திய பின், 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு, 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் பல பகுதிகளை இடித்துத் தள்ளினார்கள். இப்படிப்பட்ட பாகுபாட்டைத் தடுக்கும் வீட்டுரிமைச் சட்டம் வந்தது 1968-இல்தான். அதற்குள் எத்தனையோ தெருக்கள் மறைந்துவிட்டன.

பாஸ்டன் நகரில் ராக்ஸ்பரி என்றொரு பகுதி. அங்கே டட்லி தெரு. கறுப்பின மக்களும், கேப் வெர்டித் தீவுகளிலிருந்து வந்தவர்களும், ஸ்பானிய மொழி பேசுவோரும், சில வெள்ளையரும் வாழ்ந்த ஏழைப் பகுதி அது. வீடுகள் எரிந்தும் இடிந்தும் போக, மனைகள் வெற்றிடமாகக் கிடந்தன. நகரத்துக் குப்பையெல்லாம் அங்கே கொட்டப்பட்டது. 1984-இல் ஓர் அறக்கட்டளை உதவி செய்ய முன்வந்தது. அதைத் தொடர்ந்து 'டட்லி தெரு அண்டை அயல் முயற்சி' என்ற அமைப்பை உருவாக்கத் திட்டமிட்டார்கள். மக்கள் கூட்டத்தில் அந்தத் திட்டத்தை வைத்தபோது, அங்கு வாழ்பவர்கள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: 'இந்த நிர்வாகக் குழுவில் எங்கள் தெருக்காரர்கள் எத்தனை பேர்?'

மிகச் சிலரே என்று தெரிந்தது. மக்கள் ஒப்பவில்லை. திட்டம் திருத்தப்பட்டது. குழுவில் பெரும்பான்மை இடங்கள் அத்தெருவில் வாழ்பவர்களுக்கே என்று முடிவாயிற்று. அதுமட்டுமன்று, எண்ணிக்கையில் கூடக் குறைய இருந்தாலும் நான்கு சமூகத்தாருக்கும் சம இடங்கள் என்று வகுத்தார்கள். எவருடைய எண்ணிக்கையும் எவரையும் விழுங்கிவிடக் கூடாது என்பது நோக்கம்.

அவர்கள் எடுத்த முதல் பணி மாளிகை கட்டுவதன்று. 'எங்கள் மேல் குப்பை கொட்டாதே' என்ற இயக்கம்! 1986-இல் அதை நடத்திச் சட்டவிரோதக் குப்பை நிலையங்களை மூடவைத்தார்கள். சிறிய வெற்றி, ஆனால் 'நம்மால் முடியும்' என்ற எண்ணத்தை அது விதைத்தது. 1988-இல் அதைவிடப் பெரியது நடந்தது. வெற்று மனைகளைப் பொது நலத்துக்காகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை நகரம் அந்த மக்கள் அமைப்பிடமே கொடுத்தது. அரசுக்கு மட்டுமே உரிய அந்த அதிகாரம் அக்கம்பக்கத்தார் அமைப்பு ஒன்றின் கைக்கு வந்தது அங்கே அதுவே முதல் முறை. அப்படிப் பெற்ற நிலத்தை அவர்கள் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொள்ளவில்லை. நிலத்தைச் சமுதாய நில அறக்கட்டளையின் பெயரில் வைத்தார்கள். வீடு குடும்பத்துக்குச் சொந்தம்; நிலம் சமுதாயத்துக்குச் சொந்தம்; நீண்ட காலக் குத்தகை. சுற்றுப்புறத்தில் விலை ஏறியபோதும் ஏழைக் குடும்பங்கள் வெளியேற வேண்டியதில்லை.

நண்பர்களே, கூர்ந்து நோக்குங்கள். 1892-இல் நம் பஞ்சமி நிலத்துக்கு விதித்த நிபந்தனையும், 1988-க்குப் பின் டட்லி தெரு நிலத்துக்கு விதித்த நிபந்தனையும் கருத்தளவில் உடன்பிறப்புகள். நிலம் சமுதாயத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பதே இரண்டின் சாரமும். அங்கே நின்றது, இங்கே கரைந்தது. அமெரிக்கரின் அறிவா காரணம்? இல்லை. நம்மவரின் அறியாமையா? அதுவும் இல்லை. அங்கே நிபந்தனையைக் காக்க மாதந்தோறும் கூடும் மனிதர்கள் இருந்தார்கள். இங்கே நிபந்தனை மட்டும் இருந்தது.

அருகிலுள்ள குத்தம்பாக்கம்

'அமெரிக்காவில் நடக்கும்; இங்கே நடக்குமா?' என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. பூந்தமல்லிக்கு மேற்கே, எங்கள் ஊரிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரக்கூடிய தூரத்தில் குத்தம்பாக்கம் இருக்கிறது. அவ்வூர்ச் சேரியில் பிறந்த ரெ. இளங்கோ, கிண்டி அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியல் கற்றவர். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் அறிவியலாளராகப் பணியாற்றினார். பிறர் கனவு காணும் வேலை! அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சி மன்றத் தலைவரானார். 2001-இலும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் செய்தவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறேன். கழிவுநீர்க் கால்வாய் கட்ட, அரசு மதிப்பீட்டில் சொன்ன கல்லுக்குப் பதிலாக, அருகிலிருந்த கருங்கல் மெருகேற்றும் ஆலையில் மிஞ்சிய கழிவுக் கற்களைப் பயன்படுத்தினார். செலவு குறைந்தது, வேலை உறுதியாக நின்றது. ஆனால் விதிமுறையை மீறினார் என்று அவர் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அப்போது அவரைக் காத்தது எந்தக் கட்சியும் அன்று, எந்தப் பெரிய மனிதரும் அன்று. கிராமசபை! ஊர் மக்கள் திரண்டு கூடி, கணக்கைப் பார்த்து, எங்கள் தலைவர் செய்தது சரி என்றார்கள். பதவி திரும்பக் கிடைத்தது. அவர் கணக்கை மறைத்து வைத்திருந்தால் அந்த மக்கள் எதைக் கொண்டு அவரைக் காத்திருப்பார்கள்?

இரண்டாவது, சமத்துவபுரம். கலைஞர் ஆட்சியில் வந்த அத்திட்டத்தின் முதல் குடியிருப்பு 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டதை நாம் அறிவோம். குத்தம்பாக்கத்தில் அது இரட்டை வீடுகளாக எழுந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் சேரிக் குடும்பம். அந்தப் பக்கம் ஊர்க் குடும்பம். இப்படி 50 இரட்டை வீடுகள், 100 குடும்பங்கள். உள்ளூர் மண்ணில் செய்த கற்களும் உள்ளூர் ஆட்களின் உழைப்புமே அதில் மிகுதி. வாய்க்கால் பிரித்த இடத்தில் ஒரே சுவர்! அடுத்த வீட்டுக் குழம்பு மணம் இந்த வீட்டுக்கு வரும்போது தீண்டாமை எந்த வழியாக உள்ளே நுழையும்?

இதில் நான் காண்பது ஒரு வேதியியல் உண்மை. வினையூக்கி வினையை விரைவுபடுத்தும். ஆனால் வினைபடு பொருள் இல்லாத குடுவையில் எந்த வினையூக்கியும் எதையும் உண்டாக்காது. இளங்கோ வினையூக்கி என்றால், கிராமசபையில் வந்து உட்கார்ந்த மக்களே வினைபடு பொருள். நாம் வினையூக்கியைப் புகழ்ந்து மாலையிடுகிறோம், குடுவையை மறந்துவிடுகிறோம்.

மறுப்புரைகள்

என் கருத்தை மறுப்போர் கூறும் மூன்று வாதங்களைப் பார்ப்போம்.

முதல் வாதம்: 'சேரியில் பிறந்தவன் தலைமை ஏற்றால் ஊர் விடுமா?' பொருளுள்ள கேள்வி. மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 2006 வரை தேர்தலே முறையாக நடக்கவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-இல், ஊராட்சித் தலைவியான பெண்மணி கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. ஆகவே அச்சம் வீணன்று. ஆனால் இந்த நிகழ்ச்சிகள் எதைக் காட்டுகின்றன? நாற்காலி தனியாக இருந்தால் அதைப் பறிப்பது எளிது என்பதையே. ஒருவரை மட்டும் முன்னே தள்ளிவிட்டுப் பின்னே ஒதுங்கி நிற்பது தலைமையை உருவாக்குவதாகாது, பலி கொடுப்பதாகும். அவருக்குப் பின்னால் நூறு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வாதம்: 'அம்பேத்கரே கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னாரே!' உண்மைதான். கிராமத்தைப் புகழ்ந்து பாடியோரை அவர் 1948-இல் அரசியல் நிர்ணய சபையிலேயே கண்டித்தார். இழிவு தரும் இடத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். ஆனால் எங்கள் வட்டாரத்தில் நடந்திருப்பது தலைகீழ். நாங்கள் நகரத்துக்குப் போகவில்லை. நகரம் எங்களிடம் வந்துவிட்டது. இனி வெளியேறுவது விடுதலையாக இராமல் வெளியேற்றமாகவே முடியலாம். போவதா இருப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை எங்கள் கையில் இருப்பதே விடுதலை. நிலத்தின் விலை அதைத் தீர்மானிக்கக் கூடாது.

மூன்றாம் வாதம்: 'அரசும் கம்பெனிகளும் செய்கின்றனவே; பிறகென்ன?' 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாய் உள்ள கம்பெனிகள், மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். எங்கள் பகுதியில் இத்தனை கம்பெனிகள். எத்தனை 2 விழுக்காடுகள்! ஆனால் எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு கம்பெனி சுவருக்கு அழகாக வண்ணம் தீட்டிக் கொடுத்தது. தன் பெயரை ஆளுயரப் பலகையில் எழுதியும் வைத்தது. பிள்ளைகளுக்கு வேண்டியிருந்ததோ கழிப்பறைக்குத் தண்ணீர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஓர் அவை இல்லை. எங்கள் ஆயா ஒரு வார்த்தை சொல்வார்: 'கோட்டையே கட்டிக் குடுத்தாலும் சாவி நம்ம கையில இருக்கணும் கண்ணு.' பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

பெயர் மாற்றத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். வரவேற்கிறேன், இழிவைச் சுமந்த சொல் போவது நல்லதே. ஆனால் பலகையில் பெயர் மாறிய தெருவின் வீடுகளுக்குள் பட்டா இருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் இருக்க வேண்டும். பெயர் மாற்றம் முதல் படி, மாடி அன்று.

நாம் என்ன செய்யலாம்?

குறை சொல்வது எளிது, செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாரும் வேலையை உதறிவிட்டு ஊருக்கு ஓடி வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் பட்டதாரியின் சம்பளத்தை நம்பி எத்தனை வயிறுகள் காத்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஒரு நாளில் முதலில் தெருவின் கணக்கை எடுப்போம். எந்த வீட்டுக்குப் பட்டா உண்டு, எதற்கு இல்லை? நம் ஊர்க் கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டில் ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு வழங்கிய நிலம் எது? இன்று அதை இணையத்திலேயே பார்க்கலாம். கிடைக்காததை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 1892-இல் நம் பாட்டன் பூட்டன்மார்க்கு இல்லாதிருந்த எழுத்தறிவு இன்று நமக்கு இருக்கிறது. அதைத் தேர்வுத்தாளில் மட்டும் செலவழித்தால் போதுமா?

அடுத்து, கிராமசபை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நமக்குக் கொடுத்த அவை அது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறு முறை. பல இடங்களில் கையெழுத்து மட்டும் கூடுகிறது, ஆட்கள் கூடுவதில்லை. நம் மாவட்டத்து ஏகனாபுரத்து மக்கள், பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக 2022 முதல் கிராமசபைகளில் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியதை எண்ணிப் பாருங்கள். தீர்மானம் ஒரு திட்டத்தை நிறுத்திவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது எழுத்தில் நிற்கும். 'யாரும் மறுக்கவில்லையே' என்று நாளை எவரும் சொல்ல முடியாது. நம் தெருவிலிருந்து இருபது பேராவது போய், எழுதி எடுத்துச் சென்ற கோரிக்கையைப் படித்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகே எழுந்து வருவோம். கம்பெனிகளின் 2 விழுக்காடும் அந்தத் தீர்மானத்தைப் பார்த்துச் செலவழியட்டும்.

மூன்றாவது, பெண்கள். ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. பதவி அக்காவுக்கு, நாற்காலி மாமாவுக்கு என்ற நாடகம் இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. தெருவின் அவையில் பெண்கள் பாதிப்பேர் உட்கார்ந்து பழகினால்தான் ஊராட்சியின் அவையிலும் குரல் எழும். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தாமே!

நான்காவது, நம் தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓர் அறையில் எட்டுப்பேராகத் தங்கும் இளைஞர்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கும் தங்கைகள். 'அவன் வெளியூர்க்காரன்' என்று நாம் சொல்லும்போது, ஒரு காலத்தில் நம்மை வாய்க்காலுக்கு அப்பால் நிறுத்திய அதே குரலில்தான் பேசுகிறோம். டட்லி தெருவார் நான்கு சமூகத்துக்கும் சம இடம் வைத்தார்கள். ஒதுக்கப்பட்டதன் வலியை அறிந்த தெரு மற்றவரை ஒதுக்கலாமா?

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும், ஒரு திண்ணை வேண்டும், விடாப்பிடி வேண்டும். செங்கற்பட்டு மண்ணில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், ஒடுக்கப்பட்டோர் பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அந்தச் சாலையில்தான் இன்று நாம் கல்லூரிக்கு வருகிறோம். அவர் கேட்டது நடக்கும் உரிமை. நாம் கேட்க வேண்டியது அந்தச் சாலை எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமை.

தேர் நம் தெருவுக்கு வருமா என்று எதிர்பார்த்து வாசலில் நின்றது போதும். நம் தெருவுக்கு வேண்டிய தேரை நாமே செய்வோம். அதன் வடத்தைப் பிடிக்க ஊராரையும் அழைப்போம். வருவோர் எவராயினும் வரட்டும். எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் நாம் கூடிப் பேசி முடிவு செய்வோம்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)